பீலிக்குள் போன வடை

கிருபனுக்குக் காகத்தைப் பிடிக்காது. பகை ஒன்றும் இல்லை. படமெடுக்கப் பெறுமதியில்லாத பறவை என்று ஒதுக்கி வைத்திருந்தான், அவ்வளவுதான். நாரை நின்றால் சேற்றில் முழங்காலிடுவான். மீன்கொத்தி பறந்தால் கையில் இருக்கிற தேத்தண்ணியைக் கொட்டிவிட்டு ஓடுவான். ரூஜ் ஆற்றங்கரையில் ஒரு நரி போகிற போக்கில் அவனைத் திரும்பிப் பார்த்த படத்தை, தன் கல்யாணப் படத்தைவிடப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். காகம் குறுக்கே வந்தால் மட்டும் “சீ, தள்ளிப் போ” என்பான். அப்பேர்ப்பட்டவன் மே மாதத்தில் பாதியை ஒரு காகத்தின் பின்னால் அலைந்தே கழித்தான் என்றால், அதற்குக் காரணம் ஓர் உளுந்து வடை.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பள்ளிக்கூட வயதில் இந்தக் குளிர் நாட்டுக்கு அகதியாக வந்து, பீற்சாக் கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் நின்று படித்து, இப்போது மில்லிக்கனில் ஒரு களஞ்சியத்தில் இருக்கிறான். வீட்டுச் சூடாக்கிகளுக்கு உதிரிப்பாகம் அனுப்புகிற இடம். எந்த லொறி எந்தத் தெருவால் போவது என்று சொல்வது அவன் வேலை. லொறி ஓடுகிற ஒருவரும் அதைக் கேட்பதில்லை என்பது அவன் விதி. மேலாளர் றிச்சர்ட் கெட்ட மனிசன் இல்லை. ஆனால் நாள் முழுக்க, “கிருப், ஒரு சின்னக் கேள்வி” என்று வந்து மேசையில் கையை ஊன்றுவார். அந்தச் சின்னக் கேள்வி ஒருநாளும் சின்னதாக முடிந்ததில்லை. பிறகு ஸ்டீல்ஸ் தெருவில் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தால், இன்ரநெற் வேலை செய்யாது. கொம்பனிக்குப் போன் அடித்தால் பாட்டுப் போடுவார்கள்.

கமரா வாங்கியது பறவைக்காக இல்லை, மகள் துவாரகாவின் அரங்கேற்றத்துக்காக. நல்ல விலை கொடுத்து வாங்கி, முன்வரிசைக்குப் பின்னால் நின்று விழுந்து விழுந்து எடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் யாரோ ஒரு மாமியின் கொண்டை. “கண்டறியாத கமரா” என்றாள் மனைவி கௌசி. அதோடு மனிதரைப் படமெடுக்கும் உரிமை அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. ஒரு நாள் இன்ரநெற்காரரோடு தொலைபேசியில் கத்திக் களைத்து, காரை எடுத்துக்கொண்டு ரூஜ் சதுப்புப் பக்கம் போய் நின்றான். தண்ணீரில் ஒரு சாம்பல் நிற நாரை. அரை மணித்தியாலம் அது அசையவில்லை, அவனும் அசையவில்லை. அது அவனிடம் ஒரு சின்னக் கேள்விகூடக் கேட்கவில்லை. அன்று பிடித்த பைத்தியம்தான்.

இனி வடைக்கு வருவோம். கௌசியின் அப்பா சிவபாதம் அவர்களோடுதான் இருந்தார். ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்வெடுத்த மனிசன். அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் தன் தட்டில் விழுகிற றோல்ஸையோ வடையையோ தின்னமாட்டார். ரிஷூக் கடதாசியில் சுற்றிக் கோட் பொக்கற்றுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். கௌசி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளுக்கு, பிறகு பேத்தி துவாரகாவுக்கு. போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் கௌசியோடு வேலை செய்யும் ஒருத்தியின் கல்யாண வரவேற்பு. கௌசிக்கு அஜின்கோர்ட்டில் வங்கி வேலை. ஒரே மேசையில் அவளுடைய மனேஜர். யாரோ கதிரையை இழுக்க, அதில் கொழுவியிருந்த சிவபாதத்தாரின் கோட் விழுந்து, ரிஷூ அவிழ்ந்து, றோல்ஸ் இரண்டும் உருண்டு போய் மனேஜரின் சப்பாத்தில் முட்டி நின்றன.

கௌசிக்கு உயிர் போய்விட்டது. காருக்குள் ஏறியதும், “இனி என்னோட ஒரு இடத்துக்கும் வராதேங்கோ அப்பா. மானம் போகுது” என்றாள்.

“சரி பிள்ளை” என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே எங்கும் போகவில்லை. கூப்பிட்டாலும் “நீங்கள் போட்டு வாங்கோ” என்பார். அடுத்த மே மாதம் ஒரு நாள் நித்திரையால் எழும்பவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்ட கௌசிக்கு, அந்த “சரி பிள்ளை” காதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இந்த மே மாதம் அவருடைய முதலாண்டு ஆட்டைத் திவசம் வந்தது. ஐயர் வந்து போனார், படையல் போட்டார்கள், கிட்டின சொந்தம் கொஞ்சப் பேர் பசியோடு சுற்றி நின்றார்கள். காகம் சோறெடுத்தால்தான் பந்தி. கௌசி சின்ன இலையில் சோறும் கறியும் வடையும் வைத்து, வீட்டுப் பின்பக்க மரத்தளமான டெக்கின் கைப்பிடிக் கட்டையில் வைத்து, “கா… கா…” என்று கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுகிற மெஷினை நிப்பாட்டிவிட்டுப் பார்த்தான். முதலில் வந்தது அணில். துவாரகா அதைக் கலைத்தாள். பிறகு, நல்ல காலம், ஒரு காகம் வந்து குந்தியது. இடப்பக்கச் செட்டையில் ஓர் இறகு மட்டும் வெள்ளை.

“எடுத்திட்டுது! வாங்கோ, சாப்பிடுவம்!” என்று சொந்தக்காரர் உள்ளே பாய்ந்தார்கள். கிருபனும் கௌசியும் மட்டும் நின்று மிச்சத்தையும் பார்த்தார்கள். காகம் சோற்றில் இரண்டு வாய் எடுத்தது. பிறகு வடையைக் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பறந்தது. அங்கே கூரை ஓரத்துப் பீலி, மழைத் தண்ணீர் ஓடுகிற தகரம், போன வருஷத்துச் சருகு நிறைந்து கிடந்தது. காகம் வடையை அந்தக் குப்பைக்குள் திணித்தது. சொண்டால் இரண்டு சருகை இழுத்து மேலே போட்டது. திரும்பிப் பாராமல் போய்விட்டது.

“பாத்தனீங்கள்தானே?” என்றாள் கௌசி. பீலியைக் காட்டினாள். “அவர் தின்னேல்லை. குப்பைக்குள்ள போட்டிட்டுப் போறார்.”

“விசர்க் கதை கதையாதையும். காகம் காகம்தான்” என்றான் கிருபன்.

சொல்லியிருக்கவே கூடாது. அவன் வாயில் எப்போதும் பிழையான நேரத்தில் சரியான வசனம்தான் வரும். கௌசி உள்ளே போய் எல்லோருக்கும் பரிமாறினாள், தான் ஒரு பருக்கையும் தொடவில்லை. அடுத்த நாளிலிருந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு வைப்பதையும் விட்டாள். ஏன் என்று துவாரகா கேட்டதற்கு, “அவருக்கு என்னில கோவம். நான் ஏன் போய்க் கரைச்சல் குடுப்பான்” என்றாள். சண்டை பிடித்தால் கிருபன் தாங்குவான், அழுதாலும் பக்கத்தில் இருப்பான். இந்த அமைதியை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தவித்துப் போனான்.

ஆனால் அவனுக்குள் இன்னொன்றும் குடைந்துகொண்டிருந்தது. பிடிக்காவிட்டால் காகம் வடையைப் போட்டுவிட்டுப் போகலாமே. மெனக்கெட்டுச் சருகு இழுத்து மூடுவானேன்?

திவசத்துக்கு அடுத்த நாட்காலை தேத்தண்ணியும் கமராவுமாக டெக்கில் நின்றான். வெள்ளை இறகுக்காரன் வந்தான். நேரே அந்தப் பீலி, அந்த இடம், அந்தச் சருகு. வடையை இழுத்தெடுத்தான். கிருபன் கமராவைத் தூக்கியதுதான் தாமதம், வடையோடு பறந்து, மின்சாரக் கம்பிகளுக்கு மேலால் வடக்கே போய் மறைந்தான். படத்தில் ஒரு கறுத்த வால் மட்டும் இருந்தது. கிருபன் உள்ளே ஓடினான்.

“இஞ்சேரும், அது திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போகுது!”

கௌசி வேலைக்குப் போகச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். “கொண்டுபோய் எந்தக் குப்பையில எறிஞ்சுதோ” என்றாள்.

எந்தக் குப்பை? அதுதான் கேள்வி. அன்றைக்கு லொறிக்காரர் கூப்பிடக் கூப்பிட அவன் காதில் ஏறவில்லை. றிச்சர்ட் வந்து “ஒரு சின்னக் கேள்வி” என்றபோது, “எனக்கும் ஒண்டு இருக்கு. காகம் சாப்பாட்டை ஏன் ஒளிக்கும்?” என்று கேட்டுவிட்டான். றிச்சர்ட் வாழ்க்கையில் முதற்தடவையாகக் கேள்வி கேட்காமல் திரும்பிப் போனார்.

வேலை முடிய தினமும் தேடல் தொடங்கியது. காகம் லேசுப்பட்ட ஆள் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. நாரை கமராவைக் கண்டுகொள்ளாது. காகம் ஆளைப் பார்க்கும், கையைப் பார்க்கும், லென்ஸ் தன் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கும், திரும்பினால் போய்விடும். ஆனால் காருக்குள் இருக்கிறவனை அது மதிப்பதே இல்லை. இதைக் கண்டுபிடித்ததும் கிருபன் காரையே மறைவிடமாக்கினான். ஸ்டீல்ஸில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட விளக்குக் கம்பங்களை அண்ணாந்து பார்த்தான். பச்சை விழுந்தது தெரியாமல் பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். முந்தியென்றால் கண்ணாடியை இறக்கித் திருப்பிக் கத்தியிருப்பான். இப்போது கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு, “அந்தக் கம்பத்தில இருந்தது ஆம்பிளையோ பொம்பிளையோ” என்று யோசித்துக்கொண்டு போனான். அந்தத் தெருவில் இத்தனை வருஷம் ஓடி இவ்வளவு காகம் இருப்பதை அவன் கண்டதில்லை.

மின்கம்பிகளைத் தாண்டி, இரண்டு தெரு வடக்கே, ஒரு வரிசை வீடுகளுக்குப் பின்னால் வெள்ளை இறகு அடிக்கடி இறங்குவதைக் கவனித்தான். அந்தப் பின்தெருவில் காரை நிப்பாட்டி, கண்ணாடியை அரைவாசி இறக்கி, நீட்டு லென்ஸை வெளியே விட்டுக் காத்திருந்தான். முன்னால் ஒரு வீட்டு வளவில் வயதான ஒருவர் தக்காளிக் கன்று நட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார், லென்ஸைக் கண்டார். உடனே மண்வெட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முதுகைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் காரடிக்கு வந்தார்.

“தம்பி, நீர் இன்சூரன்ஸ்காரர் விட்ட ஆளோ?”

“இல்லை அண்ணை.”

“எனக்குத் தெரியும், ஒளியாதையும். என்ர முதுகு நோ உண்மையானது. பின்னால காரில வந்து இடிச்சவன் இடிச்சிட்டுப் போட்டான், நான் கிடந்து அவதிப்படுறன். ரெண்டு தக்காளிக் கண்டு நட்டால் ஆள் சுகமெண்டு எழுதிப்போடுவியளோ?”

“ஐயோ அண்ணை, நான் காகத்தைப் படமெடுக்கிறன்.”

“என்னத்தை?”

“காகத்தை.”

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, பொய் சொல்லுறதெண்டாலும் ஒரு வடிவான குருவியாப் பாத்துச் சொல்லலாம்தானே?”

கிருபன் கமராவின் பின்திரையை அவர் பக்கம் திருப்பித் தட்டித் தட்டிக் காட்டினான். காகம், காகம், காகத்தின் வால், வெறும் வானம், பிறகும் காகம். ஒன்றில் அவர் பின்னணியில் குனிந்து நின்றார். “உந்தப் படத்தை அழியும்” என்றார். அழித்தான். அதற்குப் பிறகுதான் மனிசனின் முகம் வெளித்தது. பெயர் மகேஸ்வரன் என்றார். “உந்தக் கோதாரிக் காகம் எங்கட ஸ்புறூஸ் மரத்திலதான் கூடு கட்டியிருக்கு. விடியக் காலமை நித்திரை கொள்ள விடாது. மேல வோஷ்றூம் யன்னலால பாத்தால் கூடு வடிவாத் தெரியும். நாளைக்குச் சனிக்கிழமைதானே, வெள்ளண வாரும்.”

அன்று போகும் வழியில் கிருபன் தமிழ்க் கடையில் உளுந்து வடை வாங்கினான். காரியத்தில் துவாரகாவையும் கூட்டுச் சேர்த்தான். சனிக்கிழமை கௌசிக்கு வங்கி இருந்தது. அவள் போனதும் வடையை டெக்கின் கைப்பிடிக் கட்டையில் வைத்துவிட்டு, காகம் எடுத்த உடனே தனக்குப் போன் அடிக்கச் சொன்னான்.

“அப்பா, சீரியஸ்லி? இது ஒரு எக்ஸ்பெரிமெண்டா?”

“ஓம். ஒருத்தருக்கும் சொல்லாதை.”

மகேஸ்வரன் அண்ணை வீட்டு மேல் குளியலறையில் யன்னலடியில் குளிக்கும் தொட்டிதான் இருந்தது. கிருபன் அதற்குள் ஏறி நின்றான். மறைவுக்கு ஷவர்த் திரையை இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொண்டான். கீழேயிருந்து அண்ணையின் மனைவி புனிதவதி, “மேல ஆரப்பா அது? எவ்வளவு நேரமாக் கதவைப் பூட்டி வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டாள். “காகம் பாக்கிற தம்பி!” என்று அண்ணை சத்தம் போட்டார்.

ஸ்புறூஸ் கிளைகளுக்கு நடுவே சுள்ளிக் கூடு. அதற்குள் மூன்று குஞ்சுகள், சிவப்பு வாயைப் பிளந்துகொண்டு. கிருபன் எட்டிப் பார்த்தான். காகக் குஞ்சின் வாய்க்குள் இவ்வளவு சிவப்பு இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

தொலைபேசி அதிர்ந்தது. “அப்பா, எடுத்திட்டுது! உங்கட பக்கம்தான் வருது” என்று கத்தினாள் துவாரகா.

அவன் கண்ணை லென்ஸில் வைத்தான். சற்றுப் பொறுத்து வெள்ளை இறகு கிளையில் வந்து இறங்கியது. சொண்டில் வடைத்துண்டு. அதைவிட, அதன் தொண்டைதான் அவனை ஆச்சரியப்படுத்தியது. வெற்றிலை அடக்கிய கன்னம் மாதிரி, சொண்டுக்குக் கீழே உப்பிக்கொண்டு நின்றது. ஒரு குஞ்சின் வாய்க்குள் சொண்டை விட்டு ஊட்டியது. அடுத்ததற்கு. அடுத்ததற்கு. தொண்டை வற்றிப்போனது. கூட்டின் விளிம்பில் ஒரு துணிக்கை சிந்திக் கிடந்தது. காகம் அதைப் பொறுக்கித் தான் விழுங்கிவிட்டுத் திரும்பிப் பறந்தது. கிருபனின் விரல் எல்லாவற்றையும் எடுத்தது. ஒன்றிலும் கொண்டை இல்லை.

பின்னேரம் கௌசி வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னரே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“களைச்சுப்போய் வாறன். உங்கட குருவிப் படம் பேந்து பாக்கிறன்.”

“குருவி இல்லை. எங்கட காகம். ஒருக்கா இரும்.”

அவள் இருந்தாள். அவன் முதற்படத்தைப் பெரிதாக்கினான். அவள் வெள்ளை இறகைப் பார்த்தாள், பிறகு கொஞ்சம் கிட்ட வந்தாள்.

“தொண்டை ஏன் வீங்கியிருக்கு? வருத்தமோ?”

“இல்லை. நானும் அப்பிடித்தான் நினைச்சன். பேந்து தேடி வாசிச்சன். நாக்குக்குக் கீழ அதுக்கொரு பை மாதிரி இருக்காம். தின்னுறதை விழுங்காமல் அதுக்குள்ள வைச்சுக்கொண்டு போகும். கொண்டுபோக ஏலாததை எங்கையாவது ஒளிச்சு மூடி வைச்சிட்டுப் பேந்து வந்து எடுக்கும். அண்டைக்குப் பீலிக்குள்ள வைச்சதும் அதுதான். எல்லாம் குஞ்சுகளுக்கு. இஞ்ச பாரும், தான் தின்னுறது சிந்தினதை மட்டும்தான்.” அவன் பறவையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவனுக்கு வேறொன்றும் ஓடவில்லை.

கௌசி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “விழுங்காமல்” என்றாள். பிறகு, “பொக்கற்றுக்குள்ள வைச்சு” என்றாள்.

கிருபனுக்கு அப்போதுதான் உறைத்தது. அட, இத்தனை நாள் லென்ஸுக்குள்ளால் பார்த்தவன் தான், கண்டது இவள்.

கௌசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருஷமாக அழாத அழுகை. நடுவில் சிரிப்பும் வந்தது. “அப்பாவும் அப்பிடித்தானே… கடைசியில ரிஷூவுக்குள்ள உடைஞ்சு கிடக்கிற துண்டைத்தானே தான் தின்னுறவர்… ஐயோ, நான் என்ன சொல்லிப்போட்டன்” என்றாள். அவன் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினான். இந்தத் தடவை புத்திசாலித்தனமாக ஒன்றும் சொல்லவில்லை. துவாரகா படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கௌசி எழும்பி முகம் கழுவி, அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. துவாரகாவுக்குச் சோதனைக்குப் படிக்க இருந்தது, அவள் வரவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள். வங்கியிலிருந்தும் வந்திருந்தார்கள், அதே மனேஜரும் இவர்களுடைய மேசையிலேயே. கிருபன் தட்டைக் காலியாக்கிவிட்டுக் கௌசியின் தட்டைப் பார்த்தான். அதில் இரண்டு றோல்ஸும் ஒரு வடையும் தொடாமல் இருந்தன. உடம்பு சரியில்லையோ என்று கேட்க வாயைத் திறந்தான்.

கௌசி மேசையிலிருந்து ஒரு ரிஷூவை எடுத்து விரித்தாள். றோல்ஸையும் வடையையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஓரத்தில் வடை உடைந்து விழுந்த துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்தார். கௌசி அவரைப் பார்த்துச் சிரித்தாள், அவசரப்படாமல் நாலு மூலையும் மடித்துச் சுற்றினாள். பிறகு கிருபன் பக்கம் திரும்பினாள்.

“என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? கோட் பொக்கற்றை அகட்டிப் பிடியுங்கோ.”

கிருபன் அகட்டிப் பிடித்தான்.